வாவிக்கரையைக் கீறுதல்

சித்திர ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



‘படம் வரைதல்’ என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. “இவன் எந்த நேரமும் படம் கீறிக்கொண்டிருக்கான்” என்றுதான் அம்மா அயலாருக்குச் சொல்லுவா. வயலைக் கலப்பை கீறுகிறது. கருவாட்டுக்கு மீனை முதுகில் கீறுகிறோம். தாளில் பென்சிலால் கீறுகிறோம். மூன்றுக்கும் நம்மிடம் ஒரே சொல். மூடியிருப்பதைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கிற வேலை அது. முப்பத்தைந்து வருடம் படவரைஞராகச் சம்பளம் வாங்கியவன் நான். கட்டடத்தைப் படமாக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

தொழில்நுட்பச் சித்திரம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். கிடைப்படம், நிலைப்படம், வெட்டுமுகம் என்று மூன்று. மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னால் நின்று பார்த்தால் எப்படி, நடுவாகப் பிளந்தால் எப்படி. பள்ளிக்கூடத்துச் சித்திரப் போட்டிகளுக்கு வருகிற படங்கள் அநேகமாக எல்லாம் முன்னால் நின்று கீறியவை. கல்லடிப் பாலம், வெளிச்சவீடு, கோட்டை வாசல், கோயிற் கோபுரம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த மட்டக்களப்பு வாவிக்கரையின் கட்டடக் கலை முகப்பில் இல்லை, வெட்டுமுகத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கோட்டையிலிருந்தே தொடங்கலாம். புளியந்தீவில் நிற்கிற அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638 மே 18இல், வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியிடம் அது வீழ்ந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதற் கோட்டை நம்முடையதுதான். ஐந்து நாள் கழித்து, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு அவர்கள் உடன்படிக்கை எழுதியதும் இங்கேதான். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், கோட்டைக்குள் கச்சேரி வந்தது. எங்களில் பலர் அந்தக் கோட்டையைக் கண்டது காணி உறுதிக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் வரிசையில் நின்றபோதுதான்.

அதை முன்னால் நின்று கீறினால் ஒரு கனத்த சுவர் வரும், அவ்வளவுதான். கிடைப்படம் கீறிப் பாருங்கள். நாலு மூலையிலும் நாலு கொத்தளம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஏன் துருத்த வேண்டும்? சுவர் நேராக இருந்தால், சுவரின் அடியில் வந்து ஒட்டிக்கொண்ட எதிரியை மேலே நிற்கிறவன் சுட முடியாது. கொத்தளம் வெளியே நீண்டிருந்தால் பக்கவாட்டிலிருந்து சுவர் நெடுகச் சுடலாம். எந்த மூலையிலும் ஒளிந்துகொள்ள இடமிராது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. ஒரு பென்சிலும் அளவு நாடாவும் போதும், நானூறு வருடத்துக்கு முந்திய பயம் அப்படியே தாளில் இறங்கிவிடும்.

அந்தக் காலத்திலேயே இதைக் கீறியவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் எழுதி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பெரிய நூலில் இலங்கைத் துறைமுகங்களும் கோட்டைகளும் செப்புத்தகட்டுப் படங்களாக இருக்கின்றன. மட்டக்களப்பும் அவற்றில் உண்டு. ஒல்லாந்தக் கம்பனியின் பொறியியலாளர்கள் கீறிய வரைபடங்கள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கைவண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவை எதற்காகக் கீறப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. ஒரு கோட்டையை எப்படிப் பிடிப்பது, பிடித்த பின் எப்படிக் காப்பது என்பதற்காகக் கீறியவை. பீரங்கி எங்கே, கப்பல் எங்கே நங்கூரமிடும் என்பதெல்லாம் அவர்களுக்கு அங்குலக் கணக்கில் வேண்டியிருந்தது. வாவிக்கு அப்பால் குடியிருந்தவன் எந்த மாதிரி வீட்டில் படுத்தான் என்பது வேண்டியிருக்கவில்லை. ஆகவே கல் படமாக மிஞ்சியது, மண் மிஞ்சவில்லை.

இங்கே வீட்டைப் பற்றி நாம் பேசுகிற சொற்களையும் ஒருமுறை கீறிப் பார்க்கலாம். யன்னல், விறாந்தை, குசினி, அலுமாரி, கதிரை, மேசை எல்லாம் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை. கந்தோர் ஒல்லாந்தம். இவை எந்த இடத்துச் சொற்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? திறப்புகள், தளபாடங்கள், வீட்டின் விளிம்புகள். முகடு, வளை, கைமரம், தூண், சுவர், கூரை, தாவாரம், திண்ணை, முற்றம், வளவு என்று எலும்புக்கூட்டுக்கு வந்தால் எல்லாம் நம் சொற்கள். வந்தவர்கள் நம் வீட்டுக்கு யன்னல் வைத்துக் கதிரை போட்டார்கள், முகட்டைத் தொடவில்லை. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் இந்த நகரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தச்சு வேலையும் இரும்பு வேலையும் செய்தவர்கள். புளியந்தீவின் பழைய வீடுகளில் முதிரை மரத்துக் கதவு நிலை ஒன்றைக் கண்டால் அதன் பொருத்துகளைப் பெரிய அளவில் தனியாகக் கீறி வையுங்கள். அந்தக் கைகள் அருகிவிட்டன.

இனி என் பெத்தாவின், அதாவது பாட்டியின், வீட்டுக்கு வருகிறேன்.

வாவி 56 கிலோமீற்றர் நீளம். சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. ஒரு திசைகாட்டிக் கருவியும் இல்லாமல் ஒரு தேசத்துக்கே திசை குறித்து வைத்த பெயர்கள் இவை. எங்கள் ஊர் படுவான்கரையில் வயலோடு ஒட்டியது. பெத்தாவின் வீடு மண்வீடு. கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பிய சுவர். மேலே கிடுகு. முன்னால் திண்ணை, உள்ளே யன்னல் இல்லாத ஓர் அறை, குசினி தனியாகப் பின்புறம். முன்னால் நின்று கீறினால் மூன்று கோடு. ஒரு முக்கோணக் கூரை, அதன் கீழே ஒரு நிழல். படவரைஞனாகப் பயிற்சி பெற்று வந்த புதிதில் அந்த வீட்டை வெட்டுமுகமாகக் கீற நாடாவோடு போனேன். தாவாரத்தின் விளிம்பு நிலத்திலிருந்து நாலடி மூன்றங்குலம். வளர்ந்த ஆள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சின்ன வயதில், இது வசதியில்லாதவர் வீடு, அதனால்தான் பதிவு என்று நினைத்திருந்தேன்.

தாளில் திண்ணையின் உயரத்தைக் குறித்தேன், தாவாரம் திண்ணையைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்று குறித்தேன். மார்கழி மாரியில் வாடைக்காற்று அடித்துச் சாய்க்கிற மழையை ஒரு சாய்கோடாக விட்டேன். அந்தக் கோடு திண்ணையின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே நிலத்தில் போய் முடிந்தது. எதிர்ப்பக்கத்தில், மதியத்துக்குப் பிந்திய கச்சான் காற்றுக் காலத்து வெயிலுக்கு இன்னொரு கோடு. அதுவும் சுவரைத் தொடவில்லை. மண்சுவர் நனைந்தால் கரையும், காய்ந்தால் வெடிக்கும். அந்த நாலடி மூன்றங்குலம் சுவரின் ஆயுட் கணக்கு. அந்த அளவை யாரும் எழுதி வைக்கவில்லை. குனிந்து போகிற உடம்பில் அது எழுதப்பட்டிருந்தது.

படத்தைப் பெத்தாவிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. “வீடெல்லாம் நல்லாக் கீறியிருக்காய் மனே. மறுகா, உரல எங்க வெச்சாய்?” என்று கேட்டா. நான் உரலைக் கீறவில்லை. அது கட்டடத்தில் சேராது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பெத்தாவுக்கோ, உரல் நிற்கிற இடத்திலிருந்துதான் அந்த வீடு தொடங்கியது. நெல் அறையிலிருந்து உரலுக்கு, உரலிலிருந்து குசினிக்கு என்று ஒரு நாளைக்கு எத்தனை நடை! அந்த நடையைக் கீறினால்தான் அறை ஏன் அந்த மூலையில் இருக்கிறது என்பதே விளங்கும். அன்றிலிருந்து நான் வீட்டைக் கீறினால் உரல், அம்மி, கிணறு, முருங்கை மரம் எல்லாம் கீறுகிறேன்.

பெத்தாவிடம் காட்டியது தற்செயல் இல்லை. அந்த வீடு அவவுடையது. நம் பகுதியில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். தமிழரிடமும் இதுதான், காத்தான்குடியிலும் கல்முனையிலும் முஸ்லிம்களிடமும் இதுதான். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கட்டடக் கலையில் இதன் விளைவைப் பாருங்கள். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு சின்ன வீடு போட்டு ஒதுங்குகிறார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. முப்பது வருடத்தில் வளவின் கிடைப்படமே ஒரு குடும்பத்தின் பெண்வழிக் கொடிப்படமாகிவிடுகிறது. ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் அது எந்த மகளுக்கு, எந்த வருடம் என்று எழுதுங்கள். அளவு நாடாவைப் பிடிப்பது ஆண்பிள்ளைகளாக இருக்கலாம். அளவுக்குக் காரணம் சொல்ல வேண்டியது அந்த வீட்டுப் பெண்கள்.

மண்வீடுகளின் கதையை மாற்றியது ஒரு சூறாவளி. 1978 நவம்பர் 23 இரவு அது வந்தது. 900க்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தென்னந்தோட்டங்கள் தலையில்லாமல் நின்றதைப் பார்த்த தலைமுறை இங்கே முன்வரிசையில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதன் பிறகு புதிதாக மண்வீடு கட்ட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சீமெந்துக் கல், தகரம், அஸ்பெஸ்ரஸ். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரவில் கூரையில்லாமல் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தவர்களுக்குப் பாதுகாப்புத்தான் அழகு. ஆனால் தாவாரம் உயர்ந்தது, திண்ணை போனது, மதியத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஆட்கள் மரத்தடிக்கு வந்தார்கள். பழைய வெட்டுமுகம் ஒன்று கட்டுகிறவர்கள் கையில் இருந்திருந்தால் சீமெந்திலும் தாவாரத்தைப் பதித்திருக்கலாம். இருக்கவில்லை. படம் இல்லாததால் ஓர் அறிவு ஒரே இரவில் போய்விட்டது.

ஆண்டு முழுக்க நிற்காத கட்டடங்களும் நம்மிடம் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அவைதான் மிக நுட்பமானவை. கூத்துக் களரியை எடுங்கள். கிராமத்து வெளியில் வட்டமாக மண்ணைச் சற்று உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி, நடுவில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் மத்தளமும். சனம் நாலு பக்கமும். விடிந்தால் கழற்றிவிடுவார்கள். கிடைப்படத்தில் வெறும் வட்டம். ஆனால் வடமோடிக் கூத்தின் ஆட்டத்தை அந்த வட்டத்தின் மேல் புள்ளி புள்ளியாகக் குறித்துப் பாருங்கள். ஆட்டக்காரன் எந்தப் பக்கத்துக்கும் முதுகு காட்டியே நிற்பதில்லை, சுழன்றுகொண்டே இருக்கிறான். வட்டம் ஆட்டத்தைச் செய்கிறது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், கர்ணன் போர், இராவணேசன் என்று மூன்று பக்கம் மூடிய மேடையில் ஏற்றினார். மௌனகுரு போன்றவர்கள் அதில் ஆடி வளர்ந்தார்கள். கூத்துக்கு அது பெரிய வாழ்வு தந்தது. கூடவே, சனம் ஒரு பக்கத்துக்கு வந்ததும் ஆட்டமும் ஒரு பக்கம் திரும்பியது. கட்டடம் மாறினால் கால் மாறும் என்பதற்கு நம்மிடம் இருக்கிற ஆகத் தெளிந்த சான்று இது. அதை யாராவது இரண்டு கிடைப்படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் கீறியிருக்கிறோமா?

கண்ணகி அம்மன் கோயில்களும் அப்படித்தான். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, வைகாசியில் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, சடங்கு முடிந்து குளிர்த்தியோடு மறுபடி பூட்டுகிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்தச் சில நாட்களுக்காக எழுகிற பந்தல்களை, சடங்கு நடக்கும்போது மூலையில் இருந்து கீறுங்கள்.

மண்டூர் முருகன் கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்னக் கதிர்காமம் என்கிறோம். திரைச்சீலைக்கு முன்னால்தான் வழிபாடு. பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் போகிறார். நான் இளந்தாரியாக அங்கே கிடைப்படம் கீறும்போது, உள்ளே எத்தனை அடி என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். என் படத்தில் அந்த இடம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது. திரைக்கு ஒரு கோடு, அதற்கு அப்பால் தாள். சுவரின் வெளியளவிலிருந்து கணக்குப் போட்டு நிரப்பியிருக்கலாம். நிரப்பினால் அது வேறொரு கோயிலின் படமாகிவிடும்.

இன்று எனக்குக் கவலை தருவது பழைய கோயில்களின் திருப்பணி. கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் போல நீண்ட வரலாறு உள்ள பெரிய தலங்களை விடுங்கள், அவற்றைப் பற்றி எழுதவும் பேசவும் ஆட்கள் இருக்கிறார்கள். வாவிக்கரையின் சின்னக் கோயில்களில் தாழ்ந்த ஓட்டுக் கூரை மண்டபங்கள் இருந்தன. அடியார்கள் வெயிலில் வந்து அந்த இருட்டுக்குள் நுழைந்ததும் கண் பழக ஒரு நிமிடம் பிடிக்கும், அந்த ஒரு நிமிடத்தில் மனம் அடங்கும். பணம் வந்ததும் அவற்றை இடித்துச் சீமெந்தில் உயர்த்தி, பளிச்சென்று வர்ணம் பூசுகிறார்கள். பக்தியோடுதான் செய்கிறார்கள், கைக்காசைப் போட்டுச் செய்கிறார்கள். தயவுசெய்து, இடிப்பதற்கு முதல் நாளாவது எங்களைக் கூப்பிடுங்கள் என்று கோயிற் பொறுப்பாளர்களான வண்ணக்கர்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் போதும்.

இப்படிக் கீறி வைக்க வேண்டும் என்று நினைத்த முன்னோடிகள் இந்த நாட்டில் இருந்தார்கள். ஆனந்த குமாரசுவாமி 1905இலேயே, பழைய கட்டடங்களைச் சிதையவிடாதீர்கள் என்று கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1950களின் பிற்பகுதியில் இங்கே வந்த உல்ரிக் பிளெஸ்னர் என்ற டென்மார்க்குக் கட்டடக் கலைஞரும், பார்பரா சன்சோனி, லக்கி சேனநாயக்க, இஸ்மத் றஹீம் ஆகியோரும் ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளையும் விகாரைகளையும் அம்பலங்களையும் அளந்து கீறினார்கள். அந்த உழைப்பின் ஒரு பகுதி, ரொனால்ட் லூக்கொக்கும் சேர்ந்து எழுதி, 1998இல் ‘ஒரு தீவின் கட்டடக் கலை’ என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வந்தது. சன்சோனியின் கோடுகளைப் பாருங்கள். அளவு பிசகாது, ஆனாலும் கோடு உயிரோடு நடுங்கும். லக்கி சேனநாயக்க, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகப் படங்களில் மரங்களைக் கீறிய விதம் இன்னும் பெரிய பாடம். இலை இலையாக, இது அரலியாவா, இது பலாவா என்று தெரியும்படி. கட்டடத்துக்கு முன்னால் மரம் வந்து மறைத்தால் நம் பிள்ளைகள் மரத்தை விட்டுவிடுகிறார்கள். அவர் மரத்தைக் கீறிவிட்டு, மறைந்தது மறையட்டும் என்று விட்டார்.

படம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். ஏனா டி சில்வா என்பவருக்காகப் பாவா கொழும்பு அல்பிரட் பிளேசில் கட்டிய வீடு 1962இல் முடிந்தது. காணி கைமாறியபோது அதை இடிக்க விடாமல், அங்கம் அங்கமாக அளந்து, எண் போட்டுக் கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கையில் திரும்பப் பொருத்தினார்கள். ஓடும் தூணும் கல்லும் பயணம் செய்தன. அவற்றைத் திரும்ப ஒரு வீடாக்கியது படம்.

எங்கள் படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. பெத்தாவின் வீடு உட்பட நான் இளமையில் கீறிய தாள்களெல்லாம் கல்லடியில் அக்காவின் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அலை வந்தது. அக்காவும் பிள்ளைகளும் தப்பினார்கள், பெட்டி போனது. டச் பார் பகுதியில் பறங்கிக் குடும்பங்கள் எத்தனை பேரைப் பறிகொடுத்தன என்று நினைக்கையில் தாள்களைப் பற்றிப் பேச எனக்கு நெடுநாள் வாய் வரவில்லை. சில வருடம் கழித்து, ஞாபகத்திலிருந்து திரும்பக் கீற உட்கார்ந்தேன். நாலடி மூன்றங்குலம் வந்தது. சாய்கோடு வந்தது. உரல் அதன் இடத்தில் வந்தது. ஒரு தரம் உடம்பு குனிந்து அளந்தது கையைவிட்டுப் போவதில்லை. பார்த்து மட்டும் கீறிய முகப்புகளில் பாதி வரவேயில்லை.

அதே கல்லடிக் கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் அலையில் அடிமண் அரிக்கப்பட்டுச் சாய்ந்தது. சாய்ந்த கோபுரத்தைப் படம் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். அளந்து கீறுகிறவர்கள் குறைவு. கண்ணால் பார்த்துக் கீறினால் அநேகர் அதை அறியாமலே நிமிர்த்திவிடுகிறார்கள், அல்லது விழப்போகிற மாதிரிச் சாய்த்துவிடுகிறார்கள். சரியான வழி எளிது. மேல் தளத்தின் விளிம்பிலிருந்து நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் நூலிலிருந்து சுவர் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் அலை தள்ளிய கோணம் கிடைக்கும்.

நாளைக் காலை அதைத்தான் செய்யப்போகிறோம். ஆசிரியர்மார் அனுமதி கேட்டு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பலகை, பென்சில், அளவு நாடா. தூக்குக்குண்டு என்னிடம் இரண்டு இருக்கிறது, வீட்டில் மேசன் வேலை செய்கிறவர்கள் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு கேட்டு வாங்கி வாருங்கள். ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். கடற்காற்று எழும்பிவிட்டால் நூல் நிற்காது.